கதவும் தெரிய வேண்டும்

எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு கேமராக்கள் இருக்கின்றன. ஒன்று அப்பாவினுடையது. அதற்குப் படச்சுருள் வேண்டும். மற்றொன்று என்னுடையது. அதற்கு நினைவட்டை போதும். முதல் கேமராவை விட்டு இரண்டாவது கேமராவுக்கு நான் மாறியது 2004ஆம் ஆண்டில். அந்த மாற்றத்தால் எனக்கு எளிதாகக் கிடைத்தவை பல. எளிதாகக் கிடைக்காமல், நானே முயன்று பழகிக்கொள்ள வேண்டியிருந்தவையும் சில உண்டு. அவற்றைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

உங்கள் கைத்தொலைபேசியே ஒரு மின்னிலக்கக் கேமராதான். ஆகவே, படச்சுருள் கேமரா எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சுருளில் பெரும்பாலும் 36 படங்கள் எடுக்கலாம். சுருளை வாங்க ஒரு செலவு, அதைக் கழுவ ஒரு செலவு, படங்களை அச்சிட ஒரு செலவு என்று எல்லாம் சேர்ந்து 15 வெள்ளிக்கு மேல் ஆகிவிடும். உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த கடையில் சுருளைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்போம். படம் தெளிவாக வந்திருக்கிறதா, யாராவது கண்ணை மூடிவிட்டார்களா என்பதெல்லாம் கடைக்காரர் கொடுக்கும் உறையைப் பிரிக்கும்போதுதான் தெரியும்.

அப்பா கப்பல் பட்டறையில் வேலை செய்தார். அவர் ஒரு சுருளைப் பொங்கலன்று தொடங்கினால் தீபாவளியன்றுதான் முடிப்பார். படம் எடுப்பதற்கு முன் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்ப்பார். பின்னால் துணி காயும் மூங்கில் கழி தெரிந்தால் அதை எடுக்கச் சொல்வார். நாங்கள் பொறுமை இழந்து நெளிவோம். "அவசரப்படாதே. முதல்ல நல்லாப் பாரு, அப்புறம் அழுத்து" என்பதுதான் அவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். பாட்டியின் படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் படத்தின் பின்புறத்தில் ஊர், தேதி, பாட்டியின் பெயர் ஆகியவற்றை அப்பா பேனாவால் எழுதிவைத்திருக்கிறார்.

பதின்ம வயதில் நான் சமூக மன்றம் ஒன்றின் புகைப்படக் குழுவில் சேர்ந்தேன். புகைப்படம் எடுப்பதை ஒரு கலையாகவும் கடமையாகவும் கருதியவர்கள் அங்கே இருந்தார்கள். விலை உயர்ந்த கேமரா வைத்திருப்பவர்தான் சிறந்த புகைப்படக் கலைஞர் என்று நான் எண்ணியிருந்தேன். அவர்களோ வேறு விதமாகச் சொன்னார்கள். ஒரு நோக்கத்தோடு, ஒன்றையே திரும்பத் திரும்பப் பொறுமையாகப் பார்த்துப் பதிவு செய்பவரே அந்தப் பெயருக்கு உரியவர் என்றார்கள்.

அதற்கு அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு, தமிழ்நாட்டில் நடந்த ஒரு பழைய முயற்சி. லின்னேயஸ் டிரைப் என்பவர் 1850களில் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக் கலைஞராக இருந்தார். மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கோயில்களை அவர் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைச் சுற்றி, அடிப்பகுதியில் நீளமாகக் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை ஒரே படத்தில் அடக்க முடியாது. ஆகவே, 1858இல் அவர் கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்களை எடுத்தார். பிறகு 21 படங்களை வரிசையாக ஒட்டி நீண்ட ஒரே படமாக்கினார். இன்று கைத்தொலைபேசியைப் பக்கவாட்டில் நகர்த்தினாலே அகலப் படம் கிடைத்துவிடுகிறது. டிரைப் அதே வேலையைப் பெரிய கேமராவைச் சுமந்து, வெயிலில் நின்று செய்தார். கருவிகள் மாறிவிட்டன, கல்வெட்டின் ஓர் எழுத்தும் விடுபடக்கூடாது என்ற அக்கறை மட்டும் எந்தக் காலத்துக்கும் தேவைப்படுகிறது.

படச்சுருளே இல்லாத கேமரா பிறந்தது 1975ஆம் ஆண்டில். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் அதை உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோகிராம். அது எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகளே. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய 23 விநாடிகள் ஆயின. படச்சுருள் விற்றே வளர்ந்த ஒரு நிறுவனத்துக்குள் படச்சுருள் தேவைப்படாத கேமரா பிறந்தது வியப்புக்குரியது. அதே நிறுவனம் 2012ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நொடித்துப்போய் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது.

தொடக்கத்தில் கைதேர்ந்த புகைப்படக் கலைஞர்கள் மின்னிலக்கக் கேமராவை நம்பவில்லை. படத்தைப் பெரிதாக்கினால் புள்ளிகள் தெரிந்தன. விலையும் மிக அதிகம். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு நிலைமை மாறியது. இந்தியாவின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ரகு ராய் 1960களிலிருந்து படச்சுருளில் படமெடுத்து வந்தவர். 1984ஆம் ஆண்டு போபால் நச்சுவாயுப் பேரிடரை உலகுக்குக் காட்டிய படங்களுள் அவருடைய படங்களும் அடங்கும். அவர் 2003இல் மின்னிலக்கக் கேமராவைக் கையில் எடுத்தார். அதன்பிறகு படச்சுருளுக்குத் திரும்ப முடியவில்லை என்று அவரே கூறியிருக்கிறார். அத்தனை ஆண்டுப் பழக்கம் உடைய ஒருவரே மாறும்போது நமக்கு என்ன தயக்கம் என்று எங்கள் குழுவில் பலரும் பேசிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு, சேமித்துவைத்திருந்த பணத்தில் நானும் ஒரு மின்னிலக்கக் கேமரா வாங்கினேன். அது ஒரு படத்தை 60 லட்சம் புள்ளிகளில் பதிவு செய்தது.

கேமரா மாறியதும் நான் கற்றவற்றுள் சிலவற்றை மீண்டும் கற்க வேண்டியிருந்தது. முதலாவது, ஒளி. சாதாரண வண்ணப் படச்சுருளில் ஒளி சற்று அதிகமாக விழுந்தாலும் வெளிச்சமான பகுதியில் ஓரளவு விவரம் மிஞ்சும். மின்னிலக்கக் கேமராவிலோ, ஒளி ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் அந்த இடம் வெறும் வெள்ளையாகிவிடும். பிறகு எந்தக் கணினியாலும் அதை மீட்க முடியாது. சுருளைப் பயன்படுத்தும்போது நிழலில் என்ன தெரிகிறது என்று பார்த்தேன். புதிய கேமராவில் வெயில் பட்ட சுவரையும் வெண்மேகத்தையும் முதலில் பார்க்கப் பழகினேன்.

இரண்டாவது, அகலம். எனது கேமராவின் ஒளியுணரி படச்சுருளின் கட்டத்தைவிடச் சிறியது. ஆகவே, பழைய லென்ஸைப் பொருத்தியபோது காட்சியின் நடுப்பகுதி மட்டுமே பதிவானது. அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் நின்று படமெடுத்தால் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். பின்னால் போகலாம் என்றால் சுவர் தடுக்கும். அங்கே எடுப்பதற்காகவே இன்னும் அகலமான லென்ஸ் ஒன்று வாங்கினேன்.

மாற்றம் தந்த நன்மைகளோ மிகப் பல. ஒளியை உணரும் திறனை ஐஎஸ்ஓ என்ற எண்ணால் குறிப்பார்கள். படச்சுருளில் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டால் 36 படங்களுக்கும் பொதுவாக அதுதான். பகல் வெளிச்சத்துக்கு உரிய சுருளைப் போட்டுவிட்டு இரவில் தேக்காவின் தீபாவளி விளக்குகளைப் படமெடுப்பது கடினம். மின்னிலக்கக் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் அந்த எண்ணை மாற்றிக்கொள்ளலாம்.

அதன் அருமையை நான் உணர்ந்தது 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி இரவில். தஞ்சோங் பகார் இரயில் நிலையத்திலிருந்து மலேசிய இரயில் புறப்பட்ட கடைசி நாள் அது. ஜோகூர் சுல்தானே அந்த இரயிலை ஓட்டிச் சென்றார். மறுநாள் முதல் இரயில் சேவை உட்லண்ட்ஸோடு நின்றுவிட்டது. கிராஞ்சி ரோட்டில் இரயில் பாதை சாலையைக் கடக்கும் இடத்தில் நானும் மற்றவர்களோடு காத்திருந்தேன். நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. தெருவிளக்கைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. இரயில் எங்களைக் கடந்து செல்லச் சில விநாடிகளே ஆயின. படச்சுருளாக இருந்தால் கறுப்புக் காகிதம்தான் மிஞ்சியிருக்கும். என் கேமராவில் இரயில் சற்று மங்கலாகவும் அதைப் பார்த்துக் கையசைத்த மக்களின் முகங்கள் தெளிவாகவும் பதிவாயின.

பயிற்சிக்கான செலவும் குறைந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் வேகம் என்ன, லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருந்தது என்று ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைப்பேன். மின்னிலக்கக் கேமரா அவற்றையெல்லாம் படத்தோடு தானே குறித்துவைக்கிறது. இன்று எடுத்ததை இன்றே பார்த்து, நாளைக்கு வேறு விதமாக முயன்று பார்க்கலாம். காசைப் பற்றிய கவலையின்றி மாணவர்களும் இந்தக் கலையைக் கற்க முடிகிறது. இதைவிடப் பெரிய நன்மை வேறில்லை என்பேன்.

ஆனால், ஒன்று கையைவிட்டுப் போனது. அதுதான் எல்லை. 36 என்ற எண் எங்களைப் பொறுமையாக இருக்கும்படி கட்டாயப்படுத்தியது. நினைவட்டைக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. தேக்காவில் ஒரு மாலை நடந்துவிட்டு வந்தால் 400 படங்கள் சேர்ந்துவிடும். முன்பு பொத்தானை அழுத்துவதற்கு முன்பே செய்த தேர்வை இப்போது வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியிருக்கிறது. ஒரே பூக்கடையின் 30 படங்களில் எது வேண்டும்? முதல் ஐந்து நிமிடம் ஆர்வமாக இருக்கும். பிறகு கண் சலித்துவிடும். 'எல்லாமே இருக்கட்டும்' என்று தோன்றும். எல்லாவற்றையும் வைத்திருப்பது எதையும் தேர்ந்தெடுக்காமல் இருப்பதற்குச் சமம்.

இந்தச் சிக்கலைப் பெரிய கலைஞர்களும் சந்தித்திருக்கிறார்கள். பிரேசில் நாட்டைச் சேர்ந்த செபஸ்தியாவோ சால்காடோ உலகின் தொலைதூர இடங்களையும் மக்களையும் பல ஆண்டுகளாகப் படமெடுத்தவர். விமான நிலையங்களில் பைகளைச் சோதிக்கும் ஊடுகதிர் அவருடைய படச்சுருள்களைப் பாதித்தது. அதனால் 2008இல் அவர் மின்னிலக்கக் கேமராவுக்கு மாறினார். ஆனால், படங்களைக் கணினித் திரையில் தேர்ந்தெடுக்க அவர் விரும்பவில்லை. எல்லாப் படங்களையும் பழைய முறைப்படி தாள்களில் சிறிது சிறிதாக அச்சிடச் செய்து, அவற்றைப் பார்த்தே தேர்ந்தெடுத்தார். கேமராவை மாற்றினாரே தவிர, பார்க்கும் முறையை அவர் மாற்றவில்லை.

நானும் எனக்கென்று மூன்று பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன். ஓர் இடத்துக்குப் போனால் 36 படங்களுக்கு மேல் எடுப்பதில்லை. எடுத்த படங்களை அன்றே தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு வாரமாவது கழித்துப் பார்ப்பேன். எடுத்த நேரத்து மகிழ்ச்சி அடங்கிய பிறகுதான் படத்தின் குறை நிறை கண்ணுக்குத் தெரியும். மாத இறுதியில் ஐந்து படங்களையாவது அச்சிடுவேன். முன்பு படச்சுருள் கட்டாயப்படுத்திச் செய்ய வைத்ததை இப்போது நானே விரும்பிச் செய்கிறேன்.

2022ஆம் ஆண்டு மே மாதம் ஒரு செய்தி வந்தது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை விரிவுபடுத்துவதற்காக, மார்சிலிங்கில் அதன் அருகே உள்ள ஒன்பது வீவக புளோக்குகள் கையகப்படுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அங்கே குடியிருந்தவர்களுக்கு மாற்று வீடுகள் கிடைக்கும். என்றாலும், பல்லாண்டுகள் வாழ்ந்த தாழ்வாரத்தையும் அண்டை வீட்டாரையும் விட்டுப் பிரிய வேண்டும். எங்கள் குழுவில் சிலர், குடியிருப்பாளர்களின் சம்மதத்தோடு அவர்களைப் படமெடுத்துக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம்.

வார இறுதிகளில் வீடு வீடாகச் சென்றோம். ஒரு வீட்டில் தனியாக வசித்த தமிழ்ப் பாட்டி எங்களை வரவேற்றுக் காப்பி கொடுத்தார். சன்னல் ஓரத்தில் மாலை வெயில் நன்றாக விழுந்தது. அங்கே அவரை உட்காரவைத்து முகம் பெரிதாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்தேன். கேமராவின் திரையில் அதை அவருக்குக் காட்டினேன். பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சற்று நேரம் பார்த்தார்.

"முகம் நல்லாத்தான் இருக்கு, தம்பி. ஆனா, கதவைக் காணோமே!" என்றார்.

"எந்தக் கதவு, பாட்டி?"

அவர் எழுந்து என்னை வாசலுக்கு அழைத்துச் சென்றார். கதவு நிலையின் உட்புறத்தில் பென்சிலால் போட்ட சிறு கோடுகள் இருந்தன. ஒவ்வொரு கோட்டின் அருகிலும் ஒரு பெயரும் ஆண்டும் எழுதப்பட்டிருந்தன. பிள்ளைகளும் பிறகு பேரப்பிள்ளைகளும் வளர வளர, அவர்களை அங்கே நிறுத்தி உயரத்தைக் குறித்துவைத்திருக்கிறார்.

"நாற்காலி, அலமாரி எல்லாத்தையும் புது வீட்டுக்குக் கொண்டு போயிடுவேன். இதை எப்படிக் கொண்டு போறது? இந்தக் கதவும் தெரியணும், தம்பி" என்றார்.

நான் அகலமான லென்ஸை மாட்டிக்கொண்டு, தாழ்வாரத்தின் கைப்பிடிச் சுவரில் முதுகு படும்வரை பின்னால் சென்றேன். பாட்டி கதவு நிலையின் மேல் கையை வைத்தபடி நின்றார். கோடுகள், மாவிலைத் தோரணம், வீட்டு எண், கழற்றிவைத்த செருப்பு என்று எல்லாம் படத்தில் அடங்கின. மீண்டும் திரையைக் காட்டினேன். "இதுதான் என் வீடு" என்றார்.

மின்னிலக்கக் கேமராவின் ஒரு சிறப்பை அன்றுதான் நான் முழுமையாக அறிந்தேன். எடுத்த படத்தை உடனே பார்க்க முடிகிறது என்பதை அதுவரை எனக்கான வசதி என்றே கருதியிருந்தேன். படத்தில் இருப்பவருக்கும் அது வசதிதான். தம்மை எப்படிக் காட்ட வேண்டும் என்று அவரும் சொல்லலாம். அதே தளத்தில் ஒரு முதியவர், திரையில் தம் படத்தைப் பார்த்துவிட்டு, "வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்றார். அவர் கண் முன்னாலேயே அதை அழித்தேன். படச்சுருள் காலத்தில் படம் எப்படி இருக்கும் என்பதை எடுப்பவரே முடிவு செய்தார். இப்போது இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம். ஆனால், கேமராவைத் திருப்பிக் காட்டும் மனம் நமக்கு இருக்க வேண்டும்.

பாட்டிக்கு அந்தப் படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் இன்னும் மூன்று பிரதிகள் கேட்டார், தம் மூன்று பிள்ளைகளின் வீட்டுக்கும் கொடுப்பதற்காக. படத்தைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். "அனுப்பு. ஆனா, சுவரில் மாட்ட ஒன்று வேணும்ல?" என்றார்.

அவர் சொன்னது படங்களைப் பாதுகாப்பதற்கும் பொருந்தும். படச்சுருளின் நெகட்டிவ்களை ஈரம் படாமல் ஒரு டப்பாவில் வைத்தால் அவை பல்லாண்டுகள் இருக்கும். மின்னிலக்கப் படம் அப்படியன்று. நினைவட்டை பழுதடையலாம், கணினி பழுதடையலாம், கைத்தொலைபேசி தொலைந்துபோகலாம். ஆகவே, முக்கியமான படங்களுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவற்றை இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில் வைக்க வேண்டும். ஒரு பிரதியாவது வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். படத்தில் இருப்பவர் யார், இடம் எது, நாள் எது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். கேமரா தேதியைக் குறித்துக்கொள்ளும். அந்தக் கோடுகள் யாருடைய உயரம் என்பதை அதனால் குறிக்க முடியாது.

'படச்சுருள் சிறந்ததா, மின்னிலக்கம் சிறந்ததா?' என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. இப்போது இளையர் சிலர் மீண்டும் படச்சுருளைத் தேடி வாங்குகிறார்கள். அது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், நான் மின்னிலக்கக் கேமராவைத்தான் தொடர்ந்து பயன்படுத்துகிறேன். இருட்டிலும் எடுக்கிறது, செலவில்லாமல் கற்றுத் தருகிறது, எடுத்ததை உடனே பிறருக்குக் காட்டுகிறது. பொறுமையை மட்டும் அது தருவதில்லை. அதை நாம்தான் கொண்டுவர வேண்டும்.

உங்கள் கைத்தொலைபேசியில் இப்போது எத்தனை படங்கள் இருக்கின்றன? அவற்றுள் உங்கள் குடும்பத்தாரின் படங்களை இந்த வாரம் ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் கேளுங்கள். அவர்கள் தேர்ந்தெடுக்கும் படம், நீங்கள் அழகாக இருக்கிறது என்று நினைத்த படமாக இல்லாமல் போகலாம். ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு அந்த ஒரு படத்தை அச்சிட்டு, அவர்கள் சொன்னதைப் பின்புறத்தில் எழுதிவையுங்கள்.